மேக்கன் சகோதரர்கள் – 7: ஒரே தட்டுச் சோறு

போன வாரம் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1971 அக்டோபர் 29. ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரம். தன் குழுவில் பாஸ் கிதார் வாசிக்கும் பெர்ரி ஓக்லியின் மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு வருகிறார். எதிரே ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. டுவேன் வண்டியை ஒடித்தும் பயனில்லை. சில மணி நேரத்தில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 24.

காலி மாத்திரைக் குப்பியை விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசித்தவர் அவர். கோட்டுவாத்தியம் கேட்ட காதுகளுக்கு அந்த இழைவு உடனே பிடிபடும். நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான அவருடைய குழுவின் இசைத்தட்டு அந்த மாதம்தான் தங்கத்தட்டுத் தகுதி பெற்றிருந்தது.

இறுதிச் சடங்கில் சவப்பெட்டிக்கு எதிரே அவருடைய கிதார் பெட்டி. தம்பி கிரெக், டிக்கி பெட்ஸ், பெர்ரி, டிரம்ஸ் வாசிக்கும் புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ ஆகிய ஐவரும் அங்கேயே வாசித்தார்கள். ஜெய்மோ கறுப்பினத்தவர், மற்றவர்கள் வெள்ளையர். 1969இல் தெற்கு மாநிலம் ஒன்றில் அப்படியொரு குழு சேர்ந்ததே பெரிய துணிச்சல். காசில்லாத அந்த நாள்களில் ஒரு தட்டுச் சாப்பாடு வாங்கிப் பகிர்ந்துகொள்வார்கள். ‘எச் அண்ட் எச்’ உணவகத்தை நடத்திய கறுப்பினப் பெண்மணி லூயிஸ் அம்மா, கணக்குப் பார்க்காமல் அவர்களுக்குச் சோறு போட்டார். அந்தத் தட்டிலிருந்துதான் இந்த இசை பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டுவேனுடைய இடத்துக்கு இன்னொரு கிதார் கலைஞரைத் தேட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஐவருமாகவே அடுத்த இசைத்தட்டை முடித்தார்கள். பின்னர் பியானோவுக்கு சக் லெவெல் வந்தார். பெர்ரி மட்டும் தேறவேயில்லை. 1972 நவம்பர் 11 அன்று அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரு பேருந்தில் மோதியது. டுவேன் விழுந்த இடத்திலிருந்து மூன்றே தெரு தள்ளி! மருத்துவமனை வேண்டாமென்று வீடு திரும்பியவர், அன்றே இறந்தார். அவருக்கும் வயது 24.

இதோடு முடிந்தது என்று ஊர் நினைத்தபோதுதான் உச்சம் வந்தது. 1973 ஜூலை 28, நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் க்ளென் கார் பந்தயத் திடல். மேலும் இரண்டு குழுக்களோடு இவர்கள் வாசித்ததைக் கேட்கத் திரண்டவர்கள் சுமார் 6 லட்சம் பேர். அடுத்த மாதம் வெளியான ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பணம் கொட்டியது. முன்பே தொற்றியிருந்த போதைப் பழக்கம் முற்றியது. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் தனித்தனிக் காரில் அரங்கத்துக்கு வந்து இறங்கினார்கள்.

1976. மேக்கனில் ஒரு போதைப்பொருள் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் ஸ்கூட்டர் ஹெர்ரிங். கிரெக்கைக் கூடவே இருந்து கவனித்துக்கொண்டவர். போதை மிஞ்சி உயிருக்குப் போராடிய கிரெக்கைக் காப்பாற்றியவரும் அவரே. கிரெக் சாட்சி சொன்னால் கிரெக்மீது வழக்கு இல்லை. வாய் திறந்தால் ஹெர்ரிங்குக்குச் சிறை.

சாட்சிக் கூண்டில் கிரெக் ஏறினார். இரண்டு சாவுகளாலும் உடைக்க முடியாத குழுவின் உயிர், இப்போது அவர் நாக்கு நுனியில் இருந்தது.

(தொடரும்)