தன்னைத் தானே உண்ணும் உயிரணு

தன்னைத் தானே உண்பது அழிவுக்கு அடையாளம் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், நம் உடலிலுள்ள கோடானு கோடி உயிரணுக்கள் அத்தொழிலைச் செய்து வருவதனாலேயே நாம் உயிர் வாழ்கிறோம். இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு, பயன் கருதாத ஆராய்ச்சி எத்தகைய பயன் தரும் என்பதற்குத் தக்க சான்றாகும்.

பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ், எலியின் ஈரலைக் கொண்டு இன்சுலின் பற்றி ஆராய்ந்து வந்தார். அப்போது, தேடாத பொருளொன்று அவர் கண்ணில் பட்டது. உயிரணுவினுள், செரிக்கும் நொதிகள் நிறைந்த சிறு பை அது. 1955-இல் அதற்கு லைசோசோம் என்று பெயரிட்டார். உயிரணு தன் சொந்த உறுப்புகளையே மெல்லிய சவ்வினால் பொதிந்து, அப்பையிடம் சேர்த்துச் செரிப்பதும் பின்னர் புலனாயிற்று. 1963-இல் அச்செயலுக்கு 'ஆட்டோபேஜி' என்னும் பெயரை அவர் வழங்கினார். 'தான்', 'உண்ணல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் சேர்க்கை இது. தமிழில் தன்னுண்ணல் எனலாம்.

பெயர் கிடைத்ததேயன்றி விளக்கம் கிடைக்கவில்லை. இச்செயலை நடத்தும் மரபணுக்கள் யாவை என்பது ஏறக்குறைய 30 ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

அப்புதிரை விடுவித்தவர் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி. 1945-இல் ஃபுக்குவோக்காவில் பிறந்த இவர், 1988-இல் தம் 43-ஆம் வயதில்தான் தோக்கியோ பல்கலைக் கழகத்தில் தமக்கெனச் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைப் பெற்றார். ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது, ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட். அதன் உயிரணுவில் வாக்குவோல் என்னும் பை உண்டு. வெறுங் குப்பைத் தொட்டி என்று பலரும் புறக்கணித்த பை அது.

அங்கு வந்து சேரும் பொருள்கள் உடனே செரித்துவிடுவதால், அவற்றைக் காண இயலாது. ஆகவே, செரிக்கும் நொதிகள் குறைபட்ட ஈஸ்ட்டை ஓசுமி தேர்ந்து, அதனைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் அப்பை முழுவதும் சிறு உருண்டைகள் திரண்டு அசைவதை நுண்ணோக்கியில் கண்டார். செரிக்கப்படாத அவ்வுருண்டைகளே தன்னுண்ணலின் சான்றுகள். பின்னர், மரபணுக் கோளாறுற்ற ஆயிரக்கணக்கான ஈஸ்ட்டுகளைச் சோதித்து, உருண்டைகள் தோன்றாதவற்றைப் பிரித்தெடுத்தார். இவ்வாறு, தன்னுண்ணலுக்கு இன்றியமையாத 15 மரபணுக்கள் இருப்பதை 1993-இல் வெளியிட்டார்.

அவற்றுள் பலவற்றிற்கு இணையான மரபணுக்கள் மனிதனிடமும் உள்ளன. இதன் பின்னரே நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி விரைவு பெற்றது. 1999-இல் அமெரிக்க அறிஞர் பெத் லெவின், இத்தகைய மரபணு ஒன்றின் புரதம் மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் குறைந்திருப்பதைக் காட்டினார். 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர், நரம்பணுக்களில் தன்னுண்ணலைத் தடுத்தால், எலியின் மூளையில் கழிவுப் புரதங்கள் தேங்கி, அதன் நடமாட்டம் தடுமாறுவதைக் கண்டனர். ஆயினும், இச்செயல் எந்நேரமும் நன்மையே புரிவதன்று. முற்றிவிட்ட புற்றுக்கட்டி, இதே வழியால் உணவு தேடிப் பிழைத்துக்கொள்வதும் உண்டு.

2016-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு ஓசுமி ஒருவருக்கே வழங்கப்பட்டது. நோன்பிருந்தால் புற்றுநோய் தீரும் என்று கண்டமைக்காக அப்பரிசு கிடைத்ததெனச் சிலர் பரப்புகின்றனர், அது பிழை. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டையே அன்றி மனிதரை அன்று. நோயாளிகள் இதனை நம்பி மருத்துவத்தைக் கைவிடுதல் ஆபத்தாகும்.

ஈஸ்ட்டை ஆராயத் தொடங்கிய நாளில் ஓசுமியின் முன் எந்த நோயும் இல்லை. உயிரணு தன் பழம் பொருளை என்ன செய்கிறது என்னும் கேள்வி ஒன்றே இருந்தது. அத்தகைய கேள்விகளுக்கு ஆதரவு குன்றலாகாது என்று கருதிய அவர், அடிப்படை ஆராய்ச்சிக்கென 2017-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். "இதனால் என்ன பயன்?" என்று மாணவனின் கேள்வியை அடக்குவோர், இவ்வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம்.