விம்பிள்டன் புல்லும் நம் அருகும்

கோடை விடுமுறை முடியும்போது நம் ஊர் மைதானங்களையும் பூங்காக்களையும் பார்க்க மனம் பொறுக்காது. கோல் கம்பத்துக்கு முன்னால், பந்து வீசுகிறவர் ஓடிவரும் தடத்தில், ஊஞ்சலுக்கு அடியில் ஒரு புல் இராது. ஜூலை நடுவில் லண்டன் விம்பிள்டனிலும் இதே காட்சிதான். இரண்டு வார டென்னிஸ் ஆட்டத்துக்குப் பிறகு பேஸ்லைனை ஒட்டிப் பச்சை முழுக்கப் போய் மண் தெரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தேய்மானம் ஒன்றுதான் என்றாலும் மீட்கும் வழி ஒன்றல்ல. அங்கே உள்ள புல்லின் உயிர் இருக்கும் இடம் வேறு, இங்கே உள்ள புல்லின் உயிர் இருக்கும் இடம் வேறு.

விம்பிள்டன் ஆடுகளங்களில் 2001 முதல் முழுக்க முழுக்க ரை புல் என்ற ஒரே இனம்தான். அதற்கு முன் 70 பங்கு ரை புல்லும் 30 பங்கு ஃபெஸ்க்யூ புல்லும் கலந்திருந்தன. தேய்மானத்தை நன்றாகத் தாங்கும் என்பதால் ரை புல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அது குத்துக் குத்தாக வளரும். பக்கத்து வெற்றிடத்துக்குப் படர்ந்து போகாது. ஒரு குத்து செத்தால் அந்த இடம் வழுக்கைதான், விதை போட்டால் ஒழிய நிரம்பாது. அதனால் பருவம் முடிந்ததும் மேல்பரப்பை இயந்திரத்தால் சீவி எடுத்து, களிமண் கலந்த வண்டலைப் பரப்பிச் சமன் செய்து, புதிதாக விதைக்கிறார்கள். கோடைக் கடைசியில் அங்கே மண்ணில் சூடு இருக்கும், காற்றில் குளிர் ஏறத் தொடங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் விதை முளைத்துவிடும். அடுத்த ஆண்டுப் போட்டிக்குள் அதை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிப் பழக்கிவிடுவார்கள்.

அவர்களையே திணறடித்த ஆண்டு 2012. ஜூலை 8 அன்று விம்பிள்டன் போட்டி முடிந்தது. ஜூலை 28 அன்று அதே இடத்தில் ஒலிம்பிக் டென்னிஸ் தொடங்க வேண்டும். இடையில் மூன்று வாரம்கூட இல்லை. தலைமைக் களப் பராமரிப்பாளராக இருந்த எடி சீவார்ட், விதையை முன்கூட்டியே முளைக்க வைத்துப் பேஸ்லைன் ஓரங்களில் இட்டார். மண்ணுக்குள் முளைப்பதற்காகக் காத்திருக்கும் நாட்கள் மிச்சம். நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் விதைக்கும் நம் விவசாயிக்கு இந்த உத்தியை விளக்கவே வேண்டாம்.

இனி நம் அருகு. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்தில் துல்லியமான தாவர அறிவு இருக்கிறது. அருகம்புல்லுக்குத் தரைமேல் ஓடும் தண்டும் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டும் உண்டு. கணுவுக்குக் கணு வேர் விடும், குருத்து விடும். மைதானத்தின் ஓரத்தில் ஒரு தண்டைத் தூக்கிப் பாருங்கள்: கணுக்களில் வெள்ளை நூலாக வேர் இறங்கியிருக்கும், இழுத்தால் மண்ணோடுதான் வரும். மேலே எல்லாம் மிதிபட்டுக் கருகினாலும் அடியில் உயிர் இருக்கும். ரை புல்லுக்கு மிதமான குளிர் வேண்டும். அருகுக்கோ வெயில்தான் தீனி. 30 டிகிரி வெப்பத்தில் அது செழித்துப் படரும். லண்டன் குளிர்காலத்தில் அருகு பழுத்து உறங்கிவிடும். சென்னைக் கோடையில் ரை புல் பிழைக்காது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சிறந்த இடம் அந்தச் சீவும் இயந்திரம்தான். வெப்ப நாடுகளின் கால்பந்து மைதானங்களில் அருகம்புல் வகைகளையும் இதே போலத் தரை தெரியச் சீவிவிடுகிறார்கள். அதன்பின் அங்கே யாரும் விதைப்பதில்லை. தண்ணீரும் தழைச்சத்தும் கொடுத்தால் அடியில் இருக்கும் தண்டுகளிலிருந்தே சில வாரங்களில் தரை மூடிவிடுகிறது. விம்பிள்டனில் அதே வேலைக்குப் பிறகு விதைக்காமல் விட்டால் மிஞ்சுவது களையும் மண்ணும்தான்.

ஆகவே சமவெளியில் இருக்கும் நாம், மேலைநாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு செப்டம்பரில் ரை புல் விதை வாங்கித் தூவுவது வீண் செலவு. உதகை, கொடைக்கானல் கதை வேறு. நமக்கு ஓரத்தில் செழித்திருக்கும் அருகையே கணுக்களோடு துண்டு துண்டாக நறுக்கி வெற்றிடத்தில் ஊன்றினால் போதும். இன்னொரு பழைய முறையும் இருக்கிறது: நறுக்கிய புல்லை மண்ணோடும் பச்சைச் சாணத்தோடும் நீர் விட்டுக் குழைத்து, கொத்திய தரையில் பூசுவது. காயாமல் நீர் தெளித்து வந்தால் கணுக்கள் துளிர்க்கும். வேப்ப மர, புங்க மர நிழலில் மட்டும் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். அருகுக்கு நிழல் ஆகாது.

வீடுகளில் இப்போது விரும்பிப் போடும் கொரியன் புல்லும் படரும் இனமே. ஆனால் அதன் வேகம் மிகக் குறைவு. பார்வைக்கு அழகு, பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்துக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து.

இரண்டு ஊருக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு: மண் இறுகல். ஆயிரம் கால்கள் மிதித்த மண்ணில் காற்றுப் போக வழியில்லை, தண்ணீர் இறங்க வழியில்லை. ஸ்க்ரூடிரைவரைத் தரையில் குத்திப் பாருங்கள். விரலளவுகூட இறங்காவிட்டால் விதையும் பலிக்காது, ஊன்றிய துண்டும் பலிக்காது. இங்கிலாந்தில் குழாய் முனைகளால் மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி எடுத்துத் துளையிடுகிறார்கள். நாம் கூரான கம்பியால் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி, துளைகளில் ஆற்று மணலும் மக்கிய எருவும் நிரப்பலாம்.

விம்பிள்டனிடம் நாம் உண்மையில் கற்க வேண்டியது ஓய்வு. அதன் மையக் களத்தில் போட்டி முடிந்தால் ஆண்டின் மீதி நாட்களில் பெரும்பாலும் யாரும் ஆடுவதில்லை. நம் பள்ளி மைதானத்துக்கோ நகராட்சிப் பூங்காவுக்கோ அந்த வசதி கிடையாது. பிள்ளைகள் விளையாடத்தான் வேண்டும். ஆனால் தானே மீளக்கூடிய புல்லை வைத்துக்கொண்டு அதற்கு ஆறு வாரம்கூடக் கொடுக்காமல் இருக்கிறோம். பள்ளி நிர்வாகிகளும் பூங்காப் பொறுப்பாளர்களும் மைதானத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, ஜூன் மாதம் தொடங்கி ஒவ்வொரு பகுதியாகக் கயிறு கட்டி ஆறு வாரம் மூடி வையுங்கள். மழை வராத நாளில் தண்ணீர் விடுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்து நீர் தேங்கும் முன் இரண்டு பகுதியாவது தேறிவிடும்.