28.8 மில்லிமீட்டர்

ஆஸ்கர் பார்னக்குக்கு ஆஸ்துமா. படம் எடுப்பதிலோ அடங்காத ஆசை. ஜெர்மனியின் யேனா நகரில் ட்ஸைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறை நாட்களில் 13×18 செ.மீ. கண்ணாடித் தகடுகளைப் போட்டு எடுக்கும் மரப்பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு மலைக்காடுகளில் ஏறுவார். பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். நெகட்டிவைச் சிறியதாக எடுத்துப் பிறகு பெரிதாக்கிக்கொண்டால் என்ன என்ற யோசனை அந்தச் சுமையில்தான் பிறந்தது.

1911-இல் அவர் வெட்ஸ்லர் நகருக்கு மாறினார். அங்கே எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் மைக்ராஸ்கோப்புக்குப் பேர்போனது. சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிம் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தது. சினிமாக் கேமராவில் அது மேலிருந்து கீழே ஓடும். ஒரு படத்தின் அளவு 18×24 மி.மீ. பார்னக் அதே ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டார். இரண்டு சினிமாப் படங்களின் இடத்தை ஒரே படம் எடுத்துக்கொண்டது: 24×36. 1914-இல் இதற்கான உலோகக் கேமரா கைக்கு வந்துவிட்டது. கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். பிறகு போர், அதன் பின்னே பணவீக்கம். 1924-இல்தான் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து தயாரிப்புக்கு ஒப்புதல் தந்தார். 1925 லைப்ட்சிக் வசந்தகாலச் சந்தையில் ‘லைகா’ விற்பனைக்கு வந்தது.

கேமரா வரலாற்றில் எல்லோரும் கொண்டாடுவது இந்த 1925-ஐ. ஆனால் திருப்புமுனை ஆறு வருடம் கழித்துத்தான் வந்தது.

காரணம், முதல் லைகாவில் லென்ஸைக் கழற்ற முடியாது. மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. லென்ஸ் அருமையானது, உள்ளே தள்ளினால் அடங்கிக்கொள்ளும். ஆனால் அது ஒன்றுதான். தொலைவில் நிற்கும் கோபுரத்தையும் குறுகலான அறையையும் அதே கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். 1930-இல் 39 மி.மீ. குறுக்களவுள்ள மரை வைத்து, கழற்றி மாட்டும் லென்ஸ் வந்தது. 35, 135 மி.மீ. லென்ஸ்களும் கிடைத்தன. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

லென்ஸ் அமரும் வளையத்துக்கும் உள்ளே ஃபிலிம் படியும் பரப்புக்கும் நடுவே ஒரு தூரம் உண்டு. அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலும் படம் மங்கும். நெகட்டிவ் பெரிதாக இருந்தால் மங்கல் அவ்வளவாகத் தெரியாது. தபால்தலை அளவு நெகட்டிவைப் பல மடங்கு பெரிதாக்கும்போது அப்பட்டமாகத் தெரியும். 1930-இல் அந்தத் தூரம் கேமராவுக்குக் கேமரா துளி வித்தியாசப்பட்டது. எனவே ஒவ்வொரு லென்ஸையும் அதற்குரிய கேமராவோடு வைத்துத் தொழிற்சாலையில் பொருத்திப் பார்த்தார்கள். கேமராவின் வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை லென்ஸில் பொறித்தார்கள். அந்த லென்ஸ் அந்தக் கேமராவுக்கு மட்டும்தான். பிறகொரு நாள் இன்னொரு லென்ஸ் வேண்டுமென்றால் கேமராவையே வெட்ஸ்லருக்கு அனுப்ப வேண்டும்.

1931-இல் லைட்ஸ் அந்தத் தூரத்தை 28.8 மி.மீ. என்று நிலைநிறுத்தியது. அந்த அளவுக்குக் கடைந்த கேமராக்களின் வளையத்தில், மேல்பக்கத்தில், சின்னதாக ஒரு ‘0’ குத்தினார்கள். அதன் பிறகு அந்த அளவுக்குச் செய்த எந்த லென்ஸும் ‘0’ உள்ள எந்த லைகாவிலும் உட்காரும். சட்டைப்பையில் ஒரு லென்ஸ், கழுத்தில் ஒரு கேமரா என்று ஒருவர் கிளம்ப முடிந்தது இந்தப் பூஜ்யத்தால்தான். மறுவருடம் வந்த இரண்டாம் லைகாவில், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரையும் லென்ஸோடு இணைத்துவிட்டார்கள். கண்ணில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றானால் ஃபோகஸ் சரி. பார்னக் 1936-இல் இறந்தார்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் லைகாவைக் கையில் எடுத்தது 1932 வாக்கில். பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடிவிடுவார், ஃப்ளாஷ் பிடிக்காது. லென்ஸ் மாற்றும் கேமராவை வைத்துக்கொண்டு பெரும்பாலும் 50 மி.மீ. ஒன்றோடே வாழ்ந்தவர் அவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அங்கே எடுத்த படங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன.

1950-களின் முடிவில் உலகம் வேறு பக்கம் திரும்பியது. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழும்பித் தணிய வேண்டும். அதற்கு இடம் விட வேண்டும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. தலைக்கு மேலே பட்டகக் கண்ணாடிக்காக ஒரு கூரையும் ஏறியது. தரம் உயர்ந்தது, கனமும் கூடியது.

இதை ஏற்க மறுத்தவர் ஜப்பானின் யோஷிஹிசா மைத்தானி. ஒலிம்பஸில் சேர்ந்த சில வருடங்களிலேயே, 1959-இல், ஒரே ஃபிலிமில் இரண்டு மடங்கு படம் எடுக்கும் ‘பென்’ கேமராவைக் கொடுத்தார். படத்தின் அளவு 18×24. பார்னக் இரட்டிப்பாக்கிய அதே சினிமா அளவு. 1963-இல் அதையே லென்ஸ் மாற்றும் எஸ்.எல்.ஆராகச் செய்ததுதான் ‘பென் எஃப்’. கண்ணாடியை மேலே எழும்ப விடாமல் பக்கவாட்டில் திறக்க வைத்தார். ஒளி உள்ளுக்குள்ளேயே வளைந்து, இடது ஓரத்தில் கண் வைத்துப் பார்க்கும் துளைக்குப் போனது. மேலே கூரை இல்லை. திரை ஷட்டருக்குப் பதிலாக டைட்டேனியத் தகடு சுழன்றது. கண்ணாடி இருந்தும் லென்ஸ் தூரம் 28.95 மி.மீ.தான். அந்தக் காலத்தின் மிக அழகான கேமரா அது என்று தயங்காமல் சொல்லலாம். 1972-இல் முழு அளவு ஃபிலிமுக்கு அவர் செய்த ‘எம்-1’ பெயருக்கு லைட்ஸ் ஆட்சேபம் தெரிவிக்க, அது ‘ஓ.எம்-1’ ஆயிற்று.

டிஜிட்டல் காலத்தில் கண்ணாடியையே தூக்கி எறிந்தார்கள். பானசோனிக்கும் ஒலிம்பஸும் 2008-இல் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அமைப்பில் அந்தத் தூரம் 19.25 மி.மீ.யாகச் சுருங்கியது. சுமார் பத்து மி.மீ. பருமனுள்ள வளையம் ஒன்றை நடுவில் மாட்டினால் 1931-இன் மரை லென்ஸும் அதில் வேலை செய்யும். 2009-இல் ‘பென்’ ஐம்பதாம் ஆண்டில் வந்த ‘ஈ-பி1’ கேமராவின் எடை 335 கிராம். அதற்கான 17 மி.மீ. தட்டை லென்ஸ் 71 கிராம்.

2013-இல் சோனி முழு அளவு சென்சாரையே சிறிய உடலுக்குள் அடக்கியது. ஏ7 கேமரா பேட்டரியோடு 474 கிராம். ஆனால் சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாகத்தான் வேண்டும். கண்ணாடியை நீக்கினாலும் அந்தக் கணக்கு மாறாது. ஏ7-இல் லென்ஸ் அமரும் அதே வளையத்துக்கு (மவுண்டுக்கு) 2016-இல் வந்த 24–70 மி.மீ. எஃப்2.8 லென்ஸ் மட்டும் 886 கிராம். ஆகவே, எங்கும் கூட வர ஒரு கேமரா தேடுகிறவர்கள் இன்றும் சிறிய சென்சார் பக்கம் பார்க்கிறார்கள். ஒலிம்பஸ் 2021-இல் கேமராத் தொழிலை ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற புது நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு விலகிய பிறகும் அந்த 19.25 மி.மீ. மவுண்டுக்குப் புதிய கேமராக்கள் வந்துகொண்டிருக்கின்றன.