சுண்ணாம்பும் சுவரின் மென்னிறங்களும்

வீடு, அலுவலக உள்ளலங்காரத்தில் இன்று விரும்பப்படும் மென்னிறங்கள் தமிழகத்திற்குப் புதியவை அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில் பழவேற்காடு ஏரி உள்ளது. அங்கு எடுக்கப்பட்ட கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டு, நீரில் நீற்றிச் சுண்ணாம்பு தயாரித்தனர்.

18ஆம் நூற்றாண்டில் சென்னையின் பெரிய மாளிகைகளில் கிளிஞ்சல் சுண்ணாம்புடன் நுண்மணலும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசி, சலவைக்கல் போல் பளபளக்கும்வரை கல்லால் தேய்த்தனர். ஆங்கிலேயர் இதை 'மெட்ராஸ் சுனாம்' என்றனர். எளிய வீடுகளில் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தனர். சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்தால் பழுப்பு மறையும். கூடினால் சுவர் இளநீலமாகும். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அதாவது, கிளிஞ்சலின் பொருளே சுவரில் திரும்ப உருவாகிறது.

பின்னர் டிஸ்டெம்பரும் எமல்ஷனும் பரவின. இன்று பான்டோன் நிறுவனம் ஆண்டுதோறும் 'ஆண்டின் நிறம்' அறிவிக்கிறது; 2024இல் அது 'பீச் ஃபஸ்' என்னும் மென்மையான பீச் நிறம்.

நிறம் மென்மையாக இருப்பதாலேயே பூச்சு தீங்கற்றது ஆகிவிடாது. வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் இந்திய விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய பூச்சைச் சுரண்டிப் புதுநிறம் அடிக்கும்போது, அதன் தூசு குழந்தைகளின் உடலில் சேராமல் காப்பது அவசியம்.