பரிமாற்றமா, கையளிப்பா?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு கருத்தரங்க பேனர்: ‘பருவநிலை மாற்றத் தொழில்நுட்பப் பரிமாற்றம்’. அந்தப் ‘பரிமாற்றம்’ எனக்கு நெருடுகிறது. பரிமாறுவது என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது பந்திதான். பழைய பொருளோ நடமாடுதல், கலந்து பழகுதல். வைணவ உரைகாரர்கள் பெருமாளும் அடியாரும் கலந்து பழகுவதை இச்சொல்லால் குறித்தார்கள். கருத்துப் பரிமாற்றம், பண்டப் பரிமாற்றம் எல்லாவற்றிலும் இரு தரப்பும் கொடுத்து வாங்குகின்றன. ஆனால் 1992 ஐ.நா. பருவநிலை உடன்படிக்கை வற்புறுத்துவது வளர்ந்த நாடு வளரும் நாட்டுக்குத் தொழில்நுட்பத்தைத் தருவதை. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தையே பாருங்கள்: 1998இல் டென்மார்க் உதவியோடு எழுந்தது. அதன் கயத்தாறு சோதனை நிலையத்தில், எந்த வேகக் காற்றுக்கு எவ்வளவு மின்சாரம், காற்றாலை இறக்கை எவ்வளவு சுமை தாங்கும் என்று அளப்பவர்கள் நம் பொறியாளர்கள். டென்மார்க் தந்தது, நாம் பெற்றோம்; இதில் பரிமாற்றம் எங்கே? வேறு சொல் தேடினால், ‘கைமாற்று’ என்றால் மாசக் கடைசியில் வாங்கும் வட்டியில்லாக் கடன். ‘கைம்மாறு’ பதிலுதவி, மழைக்கு உலகம் எதைத் திருப்பித் தரும் என்று வள்ளுவர் கேட்ட இடத்தில் வருவது. இரண்டும் உதவா. இலங்கைப் பத்திரிகைகளில் அன்றாடம் புழங்கும் ‘கையளிப்பு’ இருக்கிறதே! மகஜரையும் (கோரிக்கை மனு) கையளிப்பார்கள், வீட்டுச் சாவியையும் கையளிப்பார்கள். கொடுத்தவர் பிடியை விட்டுவிட வேண்டும் என்பதும் அதில் அடக்கம். காப்புரிமையைத் தானே வைத்துக்கொண்டு இயந்திரத்தை மட்டும் தள்ளிவிடுவது வெறும் விற்பனை. ‘தொழில்நுட்பக் கையளிப்பு’ என்றே எழுதுங்கள்.