தொட்டால் மட்டும் போதுமா? சாக்கெட்டு வில்லின் வரலாறு

வால்வு வானொலிப் பெட்டிகள் புழக்கத்தில் இருந்த காலத்தில் ஒரு கைவைத்தியம் எல்லாருக்கும் தெரியும். பாட்டு நின்று கரகரப்பு மட்டும் கேட்டால், பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். பல வேளைகளில் பாட்டு மீண்டும் வந்துவிடும். இதில் மாயம் ஒன்றுமில்லை. வால்வின் காலும், அதைப் பிடித்திருக்கும் சாக்கெட்டின் உலோக நாக்கும் சந்திக்கும் இடத்தில் இருந்த குறை, அந்த அதிர்ச்சியில் தற்காலிகமாக நீங்கிவிடுகிறது.

வால்வைக் கண்டுபிடித்தவர், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர், சிப்பைக் கண்டுபிடித்தவர் என்று பலரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். இவற்றையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிறிய உலோக வில்லைப் பற்றிப் படிப்பது அரிது. ஆயினும் அதன் வரலாறு இயற்பியல் மாணவர்களுக்கு நல்ல விருந்து.

பற்றவைத்துவிட்டால் ஆகாதா?

எல்லா இணைப்புகளையும் ஈயப்பற்று வைத்து மூடிவிட்டால் தொல்லை இல்லையே என்று தோன்றலாம். ஆனால் வால்வு என்பது எரிந்து தீரும் பொருள். மின்விளக்கைப் போல் அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். 1946-இல் அமெரிக்காவில் மக்களுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறியில் 17,000-க்கும் மேற்பட்ட வால்வுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று பழுதானாலும் கணக்கு தவறிப்போகலாம். கழற்றி மாட்ட வழி இல்லாவிட்டால் அப்படி ஒரு கருவியை வைத்து வேலை செய்திருக்கவே முடியாது.

எனவே சாக்கெட்டு தேவைப்பட்டது. 1935-இல் அறிமுகமான எட்டுக் கால் வால்வுகளின் அடித்தட்டு உலகெங்கும் பரவியது. அதன் சாக்கெட்டில் ஒவ்வொரு காலையும் ஓர் உலோகப் பிடி கவ்விக்கொள்ளும். கால்களுக்கு இடையே தாராளமாக இடம் இருந்ததால் பிடியைத் தடிப்பாகவே செய்ய முடிந்தது.

தொடுதல் என்பது என்ன?

இரண்டு உலோகங்கள் தொட்டால் மின்னோட்டம் பாயும் என்று பள்ளியில் படிக்கிறோம். உண்மையில் அவை எங்கே தொடுகின்றன? எவ்வளவு மெருகிட்ட பரப்பும் நுண்ணோக்கியில் மேடு பள்ளமாகவே தெரியும். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். முள்ளின் நுனிகள் சிலவே ஒன்றையொன்று தொடும். மற்ற இடமெல்லாம் காற்று. உலோகப் பரப்புகளின் நிலையும் இதுதான்.

வளைந்த பொருள்கள் அழுத்தப்படும்போது தொடுபரப்பு எவ்வளவு என்ற கணக்கை முதலில் செய்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பின்னாளில் ரேடியோ அலைகளைக் கண்டறிந்த அதே ஹெர்ட்ஸ்தான். 1881-இல் அவருக்கு வயது 24. மின்தொடுகையைத் தனி இயலாகவே வளர்த்தவர் சுவீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோம் (1879–1970). பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அவர், 1941-இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். பின்பு ஆங்கிலத்திலும் வந்த அவருடைய நூல், இன்றும் இத்துறையினருக்கு அடிப்படை நூலாக விளங்குகிறது. 1939-இல் கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவரும் மின்தடையை அளந்தே, உண்மையான தொடுபரப்பு கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிக மிகச் சிறு பங்கு என்று காட்டினர்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 100 கிராம் எடைக்குச் சமமான விசை (ஏறத்தாழ 1 நியூட்டன்) இரு உலோகங்களை அழுத்துகிறது. மேட்டு நுனிகள் நசுங்கிக்கொண்டே போகும். உலோகத்தின் கடினத்தன்மை அந்த விசையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு விரிந்ததும் நசுங்குதல் நிற்கும். செம்பைப் போன்ற உலோகத்தில் இந்தப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். மின்னோட்டம் முழுவதும் இந்தக் குறுகிய வாயில்களின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டும். இதனால் எழும் தடையை, உலோகத்தின் மின்தடை எண்ணைத் தொடுபுள்ளியின் விட்டத்தால் வகுத்துப் பெறலாம். 20 மைக்ரான் விட்டமுள்ள ஒரு செம்புப் புள்ளிக்கு இது ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு.

விசை கூடினால் பரப்பு அதே விகிதத்தில் கூடும். விட்டமோ விசையின் இருமடி மூலத்தைப் பொறுத்தே கூடும். எனவே தடையைப் பாதியாக்க விசையை நான்கு மடங்காக்க வேண்டும். சாக்கெட்டு செய்பவரின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. விசை குறைந்தால் தொடுகை கெடும். கூடினால் சொருகவும் கழற்றவும் முடியாது, பூச்சும் தேய்ந்துபோகும்.

பலகை வந்தது, இடம் சுருங்கியது

வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர், 1936-இல் லண்டனில் அச்சிட்ட மின்சுற்றுப் பலகையைக் கொண்ட வானொலி ஒன்றைச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தகைய பலகைகள் பரவின. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் இருவரிசைக் கால்கள் கொண்ட சிப்பு உறை உருவாயிற்று. மரவட்டையைப் போல் தோன்றும் அந்தக் கறுப்புச் சிப்பை அறியாத மின்னணுவியல் மாணவர் இல்லை. அதன் கால்களுக்கு இடையே உள்ள தொலைவு 2.54 மில்லிமீட்டர். வால்வின் தடித்த பிடிக்கு இங்கே இடமில்லை. அரிசி மணி அளவே உள்ள ஒரு வில் அதே வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று.

வில்லின் கணக்கு

மீட்டர் அளவுகோலின் ஒரு முனையை மேசை விளிம்பில் இறுக்கி, மறுமுனையில் எடை தொங்கவிட்டு யங் குணகம் காணும் சோதனையைக் கல்லூரி மாணவர்கள் செய்திருப்பார்கள். சாக்கெட்டின் நாக்கும் அதே சட்டம்தான். நீளம் 5 மில்லிமீட்டர், அகலம் 1 மில்லிமீட்டர், தடிப்பு கால் மில்லிமீட்டர் உள்ள பெரிலியம்-செம்பு நாக்கை நுனியில் கால் மில்லிமீட்டர் வளைத்தால், அது ஏறத்தாழ 1 நியூட்டன் விசையுடன் திருப்பி அழுத்தும். நமக்கு வேண்டிய 100 கிராம் கிடைத்துவிட்டது!

ஆனால் விசை, தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. தகடு 10 விழுக்காடு தடித்துவிட்டால் விசை 33 விழுக்காடு கூடிவிடும். தகடு உருட்டும் ஆலையில் நேரும் சிறு பிழையும் சாக்கெட்டில் பெரிதாகத் தெரியும். வளைந்த நாக்கின் அடிப்பகுதியில் எழும் தகைவும் சிறியதன்று. மேற்சொன்ன அளவுகளில் அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 490 நியூட்டன். வெறும் செம்பு இதைத் தாங்காது. வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். பித்தளை மலிவு, ஆனால் வெப்பத்தில் நாளடைவில் தளர்ந்துவிடும். வெள்ளீயம் கலந்த பாஸ்பர் வெண்கலம் நடுத்தரம். ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிலியம் கலந்த செம்பை மென்மையாக இருக்கும்போதே வளைத்து உருவாக்கி, பின்பு 300 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சில மணி நேரம் சூடாக்கினால், அது எஃகுக்கு இணையான வலிமை பெறுகிறது.

இந்த வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. திண்ம நிலையில் தீங்கு செய்யாத இந்த உலோகம், தூளாகவும் புகையாகவும் நுரையீரலுக்குள் சென்றால் கொடிய நோயைத் தரும். அமெரிக்காவில் ஒளிர்விளக்குத் தொழிலாளர்களிடையே பெரிலியத்தால் வந்த இந்நோயை ஹாரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர் 1946-இல் எடுத்துக்காட்டினார். பெரிலியம் கலந்த உலோகத்தை அரைக்கும் இடங்களில் தூசியைக் கட்டுப்படுத்துவது இன்று கட்டாயம்.

தங்கமும் வெள்ளீயமும்

வில் அழுத்தினால் மட்டும் போதாது. தொடும் பரப்பு தூய்மையாகவும் இருக்க வேண்டும். செம்பின் மேல் ஆக்சைடும் சல்ஃபைடும் படியும். தங்கத்தின் மேல் ஒன்றும் படியாது. எனவே நாக்கின் மேல் முதலில் நிக்கல் பூச்சு, அதன் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தங்கப் பூச்சு என்ற முறை வழக்கமாயிற்று. அடியில் உள்ள செம்பு தங்கத்தினூடே மேலேறி வராமல் நிக்கல் தடுக்கிறது. பொற்கொல்லர் தங்கத்தில் செம்பு சேர்ப்பது போல், தேய்மானத்தைக் குறைக்க இங்கே சிறிதளவு கோபால்ட் சேர்ப்பதும் உண்டு.

1971 ஆகஸ்டில் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. அதுவரை ஓர் அவுன்சு 35 டாலர் என்று அரசாங்க விலை இருந்த தங்கம், 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்டது. சாக்கெட்டுத் தொழில் நடுங்கிப்போயிற்று. தொடும் புள்ளியில் மட்டும் தங்கம் பூசும் முறைகள் பெருகின. மலிவான சாக்கெட்டுகள் வெள்ளீயத்துக்கு மாறின.

வெள்ளீயத்தின் ஆக்சைடு கடினமானது. அடியில் உள்ள உலோகமோ மென்மையானது. ஏரிச் சேற்றின் மேல் காய்ந்த ஓடு கால் வைத்ததும் நொறுங்குவது போல், சொருகும்போது அந்த ஆக்சைடு உடைந்து நல்ல தொடுகை கிடைக்கும். ஆபத்து பின்னால் வரும். கருவி சூடாகி ஆறும்போதும் அதிரும்போதும் கால்கள் சில மைக்ரான் முன்னும் பின்னும் நகரும். ஒவ்வொரு நகர்விலும் புதிய வெள்ளீயம் வெளிப்பட்டு ஆக்சைடாகும். அந்தத் தூள் அங்கேயே குவிந்து கடைசியில் மின்னோட்டத்தை மறித்துவிடும். இந்த உரசல் அரிப்பைப் பற்றி பாக், விட்லி ஆகிய இருவர் 1974-இல் எழுதிய ஆய்வுரை துறையின் கண்ணைத் திறந்தது. வெள்ளீயத் தொடுகைக்குக் குறைந்தது 100 கிராம் அளவில் விசை வேண்டும் என்பதும், தங்கக் காலை வெள்ளீய நாக்கில் சொருகக் கூடாது என்பதும் பொறியாளர்களின் பாடங்களாயின.

வெப்பம் வேறொரு குறும்பும் செய்யும். சூடாகி ஆறும் சிப்பு, சாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வரும். 1980-இல் வெளிவந்த ஆப்பிள் 3 கணிப்பொறியில் இந்தத் தொல்லை பெயர் பெற்றது. அந்தப் பெட்டியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் போட்டால் சிப்புகள் மீண்டும் அமரும் என்ற யோசனை சொல்லப்பட்டதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

கால்கள் பெருகின

1989-இல் வந்த இன்டெல் 80486 சிப்புக்கு 168 கால்கள். ஒரு காலுக்கு 100 கிராம் வீதம் அழுத்தினால் மொத்தம் ஏறத்தாழ 17 கிலோகிராம்! கட்டைவிரலால் அழுத்தினால் கால்கள் வளையும். பலகையும் விரிசல் விடும். இதற்கு விடையாக அமைந்தது நெம்புகோல் சாக்கெட்டு. நெம்புகோல் மேலே இருக்கும்போது வில்கள் விலகி நிற்கும்; சிப்பு தன் எடையிலேயே உள்ளே இறங்கும். நெம்புகோலைச் சாய்த்ததும் எல்லா வில்களும் ஒருசேர இறுகும்.

2004-இல் இன்னொரு திருப்பம். அவ்வாண்டு வந்த இன்டெலின் 775 தொடுகைச் சாக்கெட்டில், சிப்பின் கால்கள் மறைந்து தட்டையான தங்கத் திட்டுகள் மட்டும் நின்றன. சாக்கெட்டிலிருந்து 775 நுண்ணிய வில்கள் சாய்வாக எழுந்து அவற்றைத் தாங்கின. ஒன்றுக்கு 20 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 15 கிலோகிராமுக்கு மேல். ஆகவேதான் மேலே ஓர் இரும்புச் சட்டமும் நெம்புகோலும் தேவைப்பட்டன.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. டிரான்சிஸ்டர் கோடிக்கணக்கில் சிப்புக்குள் அடங்கியது. ஆனால் கழற்றி மாட்டும் இடத்தில் எல்லாம் ஒரு வளைந்த உலோகத் தகடு இன்னும் காவல் நிற்கிறது. சிப்பையோ நினைவகப் பலகையையோ கழற்ற நேரும் மாணவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. மங்கிய தொடுகையை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். அங்கே இருப்பது ஒரு மைக்ரான் கூட இல்லாத தங்கம். அது போய்விட்டால் அடியில் உள்ள உலோகம் வெளிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு தட்டினாலும் அந்தத் தொடுகையை நம்ப முடியாது.