உருகாமல் ஒன்றுபடும் உலோகங்கள்

கருநாடக எல்லையை அடுத்துள்ள ஓசூரும் கிருஷ்ணகிரியும் இன்று ஆலைகளால் பெயர் பெற்று விளங்குகின்றன. ஆயினும் இந்நிலத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு ஆலைகளோடு தொடங்கியதன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

இரும்பைப் பிரித்தெடுப்பது ஒரு கலை என்றால், ஓர் உலோகத்தை இன்னோர் உலோகத்தோடு இணைப்பது மற்றொரு கலை. நம் சிற்றூர்க் கொல்லர் அரிவாளின் உடலுக்கு மெல்லிரும்பையும், வாய்க்கு எஃகையும் கொண்டார். இரண்டையும் உலையில் வெண்ணிறம் படரக் காய்ச்சி, மணலைத் தூவிச் சம்மட்டியால் அடித்தார். இரும்பு உருகவில்லை, ஆயினும் இரண்டும் ஒன்றாயின. மணல் எதற்கு? காய்ந்த இரும்பின்மேல் படியும் செதிலை அது இளக்குகிறது. சம்மட்டி அடி அதனை வெளியே தள்ளுகிறது. மாசு நீங்கிய இரு பரப்புகள் நெருங்கினால் பிணைப்புத் தானே உண்டாகும்.

வெப்பமின்றியும் இது கூடும் என்பதை 1724இல் இலண்டன் அரச சங்கத்தார்க்கு டெசாகுலியே என்பார் காட்டினார். இரண்டு ஈயக் குண்டுகளில் சிறிது சீவி, அப்பரப்புகளைச் சேர்த்துக் கையால் அழுத்தித் திருகினார், அவை ஒட்டிக்கொண்டன.

உருக்காமல் இணைப்பதில் என்ன பயன் எனலாம். செம்பு 1,085 பாகை செல்சியஸில் உருகும். அலுமினியமோ 660 பாகையிலேயே உருகும். இரண்டையும் உருக்கிக் கலந்தால், நொறுங்கும் தன்மையுள்ள கூட்டுப்பொருள் இடையே தோன்றி இணைப்பைக் கெடுத்துவிடும்.

1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கொரு வழி கண்டனர். செவிக்கெட்டாத ஒலியின் அதிர்வே அவ்வழி. அதனை வளர்த்து, தகட்டின்மேல் தகடாக அடுக்கிப் பொருளையே உருவாக்கும் முறைக்கு டான் வைட் அம்மையார் 2003இல் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை ஓர் உருளை அழுத்திக்கொண்டே, நொடிக்கு 20,000 முறை அதிர்கிறது. அவ்வுராய்வில் மேற்படலம் உடைகிறது, உலோகங்கள் பிணைகின்றன. மணலின் வேலையையும் சம்மட்டியின் வேலையையும் அதிர்வும் அழுத்தமும் ஏற்றுக்கொண்டன எனலாம். மெல்லிய செம்புக்கும் அலுமினியத்துக்கும் எளிதாகும் இம்முறை, கடினமான எஃகுக்கு அத்துணை எளிதன்று.

இச்செய்தி ஓசூருக்கு அயலானதா? அன்று. எஃகின்மேல் மென்மையான உலோகத்தைப் பதித்துத் தாங்கிகள் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனம், 1961இல் நிறுவப்பெற்றது. அதன் ஆலைகளுள் ஒன்று ஓசூரில் உள்ளது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்கலத்தால் ஓடும் இருசக்கர ஊர்திகள் உற்பத்தியாகி வருகின்றன. அத்தகைய மின்கலங்களுக்குள் செம்பும் அலுமினியமும் அருகருகே அமைகின்றன. அவற்றின் இணைப்புகளுக்கு உலகெங்கும் கையாளப்படும் முறைகளுள் மீயொலி இணைப்பும் ஒன்று.

கொல்லர் தம் நுட்பத்தை ஏட்டில் எழுதவில்லை. மகனின் கையில் எழுதினார். மகன் வேறு தொழிலுக்குச் சென்றதும், உலையோடு அக்கல்வியும் அணைந்தது. இன்றைய நுட்பமோ காப்புரிமைப் பத்திரங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பொறியைப் பொருள் கொடுத்து வாங்கிவிடலாம். உலோகங்கள் ஏன் ஒன்றுபடுகின்றன என்னும் அறிவை அவ்வாறு வாங்க இயலாது. பொறியை இயக்கும் நம் இளைஞர்க்கு அதன் விசையோடு, காரணத்தையும் கற்பித்தல் வேண்டும். அங்ஙனம் கற்பித்தால், இரும்பு பழகிய இந்நிலம் பிறர் கண்ட முறையைப் பின்பற்றுவதோடு நில்லாது, புதுமுறை காணவும் கூடும்.